எங்கள் வீட்டுக்குச் சாமி வந்த கார்த்திகை

எங்கள் தெருவில் குடியை நிறுத்த ஒரே ஒரு வழிதான் உண்டு. கார்த்திகை முதல் தேதி மலைக்கு மாலை போட வேண்டும். மாத்திரை, ஊசி, டாக்டர் என்று யாராவது வாயைத் திறந்தால், "அதெல்லாம் பைத்தியத்துக்கு" என்று சொல்லி எழுந்து போய்விடுவார்கள். மாலை போட்டவன் குடிக்க மாட்டான். குடிக்கவும் முடியாது, ஊரே அவன் கழுத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும். மலைக்குப் போய்த் திரும்பி, மாலையைக் கழற்றிய அன்றைக்கே பாதிப் பேர் வேனிலிருந்து இறங்கி நேராகக் கடைக்குப் போவார்கள் என்பது வேறு விஷயம். அந்த ஒரு மண்டலம் எங்கள் தெருப் பெண்களுக்கு வருடத்துக்கு ஒருமுறை கிடைக்கும் லீவு.

நானும் அந்த லீவுக்காகக் காத்திருந்தவள்தான். ஐப்பசி பிறந்தாலே எனக்கு மூச்சு கொஞ்சம் சீராக வர ஆரம்பிக்கும்.

எங்கள் தெரு திருப்போரூரிலிருந்து கடற்கரைக்குப் போகிற வழியில் இருக்கிறது. எங்கள் அப்பன்மார் எல்லாரும் அடுத்தவன் வயலில் கூலிக்கு நின்றவர்கள். அந்த வயல்களில் இப்போது மனைக்கல் நட்டிருக்கிறார்கள். நாங்கள் வாட்ச்மேனாகவும் டிரைவராகவும் கம்ப்யூட்டர் முன்னாலும் உட்கார்ந்திருக்கிறோம். எனக்குச் சிறுசேரியில் ஒரு பெரிய அலுவலகக் கட்டடத்தில் புகார் மேசை வேலை. லிஃப்ட் நின்றால், குழாய் ஒழுகினால், ஏசி ஓடாவிட்டால் எனக்குத்தான் போன் வரும். நான் மெக்கானிக்கைக் கூப்பிட்டு அனுப்புவேன். அப்படிக் கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பழக்கமானவர்தான் என் வீட்டுக்காரர். "மூணாவது மாடி ஏசி ஓடலண்ணே, உள்ள கத்திகினு கீறாங்க, சீக்கிரம் வாங்க!" எங்கள் காதல் இந்த லட்சணத்தில்தான் ஆரம்பித்தது.

கல்யாணத்துக்குப் பிறகு அவர் அந்த வேலையை விட்டுவிட்டுத் திருவிடந்தைப் பக்கம் ரிசார்ட்டுகளில் ஏசி பார்க்கப் போனார். நல்ல கைக்காரர். அவர் கை வைத்தால் மெஷின் பேசும் என்பார்கள். பார்ட்டி முடிந்த அறைகளில் பாதி பாட்டில்கள் கிடக்கும். யாரும் கேட்க மாட்டார்கள். முதலில் சனி, ஞாயிறு என்று இருந்தது. பிறகு தினமும் சாயங்காலம் என்று ஆனது. அப்புறம் மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்னால். கடைசியில் காலை பல் விளக்குவதற்கு முன்னால் வந்து நின்றது.

குடிகாரன் என்றால் ரோட்டில் விழுந்து கிடப்பான் என்று நினைக்கிறவர்களுக்கு நான் இதைச் சொல்ல வேண்டும். என் வீட்டுக்காரர் ஒருநாளும் விழுந்ததில்லை. குடித்தால்தான் அவர் நேராக நிற்பார். காலையில் எழுந்ததும் கை அப்படி நடுங்கும். பிரஷ்ஷில் பேஸ்ட் வைக்க முடியாது, தரையில் போகும். ஒரு கட்டிங் உள்ளே இறங்கினால் போதும், நடுக்கம் நின்று ஸ்க்ரூடிரைவரைப் பிடித்துக்கொண்டு ஸ்டூலில் ஏறிவிடுவார். சந்தோஷத்துக்குக் குடித்த காலம் எப்போதோ முடிந்துபோயிருந்தது. நடுங்காமல் இருப்பதற்காகக் குடித்துக்கொண்டிருந்தார். "யோவ், இது இன்னாய்யா பொழப்பு?" என்று கத்துவேன். "இது இல்லன்னா என்னால உன் மூஞ்சியக் கூட நேரா பாக்க முடியாது" என்பார். சிரித்துக்கொண்டே சொல்வார்.

உடம்பும் கொஞ்சம் கொஞ்சமாக எங்களுக்குச் சொல்லிக்கொண்டுதான் இருந்தது. ஒருநாள் பற்ற வைத்த சூடு ஆறாத செப்புக் குழாயை மிதித்துக்கொண்டே நின்றிருக்கிறார்; தோல் கருகிய வாடை வந்து பக்கத்தில் இருந்தவர்தான் இழுத்து விட்டாராம். கால் மரத்துப்போயிருந்தது. உள்ளங்கை எப்போதும் மருதாணி வைத்ததுபோல் சிவந்திருக்கும். சொன்ன கதையையே திரும்பச் சொல்வார். ஏற்கனவே சொன்னதுதான் என்றால் நம்ப மாட்டார்.

இத்தனைக்கும் மருந்து கார்த்திகை மாலை. கல்யாணமான முதல் வருடம் மாலை போட்டு நிறுத்தினார். கொஞ்சம் தலைவலி என்றார், அவ்வளவுதான். கறுப்பு வேட்டியும் விபூதியுமாக அவரைப் பார்த்தால் எனக்குத் திரும்பக் கல்யாணம் ஆனதுபோல் இருந்தது. அடுத்தடுத்த வருடங்களில் மாலை போட்ட முதல் வாரம் வியர்த்துக் கொட்டும், தூக்கம் வராது. விடியற்காலைக் குளியல் ஒத்துக்கொள்ளவில்லை என்றார்கள். அதற்கப்புறம் ஒரு வருடம் குளித்துக்கொண்டிருந்தவர் மோட்டார் தொட்டிக்குப் பக்கத்தில் விறைத்து விழுந்தார். வாயில் நுரை. குளிர் ஜன்னி என்று சொல்லிக் கையில் இரும்புச் சாவியைக் கொடுத்தார்கள். எழுந்து உட்கார்ந்துவிட்டார். வருடத்துக்கு வருடம் கொஞ்சம் கூடிக்கொண்டே போனதை நாங்கள் யாரும் சேர்த்துப் பார்க்கவில்லை. மாலை கழுத்தில் இருக்கும்போது நடப்பதெல்லாம் சாமி சோதிக்கிறது என்றுதான் எங்களுக்குப் பழக்கம்.

அடுத்த வருடமும் கார்த்திகை வந்தது. அந்த வருடம் மாலை போட்ட மறுநாளே நான் வீட்டு விலக்காகிவிட்டேன். மாலை போட்ட வீட்டில் விலக்கான பெண் இருக்கக் கூடாது. பார்க்கவும் கூடாது, குரல் கூடக் கேட்கக் கூடாது என்பாள் என் மாமியார். எதிர்வீட்டு மாடியில் ஒரு கிறிஸ்தவ அக்கா தனியாக இருக்கிறாள். வருடா வருடம் அந்த நாட்களில் நான் அவளோடு போய்த் தங்குவேன். அங்கிருந்தே வேலைக்குப் போய் அங்கேயே திரும்பி வருவேன். ஜன்னலைத் திறந்தால் எங்கள் வாசல் தெரியும். அவ்வளவுதான் எனக்கு அனுமதி.

இரண்டு நாளாக போன் செய்தால் மாமியார்தான் எடுத்தாள். "சாமி தூங்கலம்மே. ஜெபத்துல கீது" என்றாள். சாப்பிட்டாரா என்று கேட்டேன். "சாமிக்கு இன்னாத்துக்கு சாப்பாடு?" என்றாள். அவள் குரலில் ஒரு பெருமை இருந்தது. பெற்ற மகனைக் குடிகாரன் என்று ஊர் பேசக் கேட்டுக் கேட்டுக் குனிந்துபோனவள். அவளை என்ன சொல்வது?

அன்று சாயங்காலம் ஆபீஸ் வண்டி என்னைத் தெருமுனையில் இறக்கிவிட்டபோது எங்கள் வீட்டு முன்னால் கூட்டம். செத்துவிட்டார் என்றுதான் நினைத்தேன். சரண கோஷம் கேட்டதும்தான் மூச்சு வந்தது. அக்காவின் மாடிக்கு ஓடி ஜன்னலைத் திறந்தேன்.

வாசலில் பூஜை போட்டிருந்த இடத்தில் அவர் உட்கார்ந்திருந்தார். மேலெல்லாம் வியர்வை. உடம்பு தூக்கித் தூக்கிப் போட்டது. கண் எதையோ துரத்திக்கொண்டு சுவரில் ஏறி இறங்கியது. ஜனங்கள் வரிசையில் நின்று காலில் விழுந்துகொண்டிருந்தார்கள். பக்கத்தில் குருசாமி, பல வருடம் மலைக்குப் போய் வந்து எங்கள் தெரு ஆட்களை வழிநடத்துகிறவர், கற்பூரத் தட்டோடு நின்றிருந்தார். எதிலும் நிதானமான மனுஷன். அவர் முகத்திலேயே பயபக்தி.

"எம்பொண்ணுக்கு வரன் எப்ப சாமி அமையும்?" என்று ஒரு அம்மா கையேந்திக் கேட்டாள்.

"கேஸ் இல்ல" என்றார் இவர். "சுத்தமா கேஸ் இல்ல."

அம்மா திருதிருவென விழித்தாள். குருசாமி, "தோஷம் கீதுன்னு சொல்லுது சாமி. கழிக்கணும்" என்று விளக்கினார்.

இன்னொருவர் வீடு கட்டலாமா என்று கேட்டார். "தண்ணி சொட்டுது பாரு, கீழ பக்கெட்டு வையி" என்று இவர் கத்தினார். "ஐயோ, இந்த வருசம் வெள்ளம் வருதுடா!" என்று கூட்டம் சலசலத்தது. யாரோ ஓடிப்போய் நிஜமாகவே ஒரு பக்கெட்டைக் கொண்டுவந்து வைத்தார்கள். இன்னொரு நாளாக இருந்தால் நான் விழுந்து விழுந்து சிரித்திருப்பேன்.

அப்போதுதான் அவர் கைகளைக் கவனித்தேன். இடது கை காற்றில் எதையோ பிடித்திருந்தது. வலது கை அதைச் சுற்றிச் சுற்றித் திருகியது. கொஞ்சம் திருகுவார், குனிந்து எதையோ பார்ப்பார், மறுபடி திருகுவார். "முத்திரை புடிக்குது பாருங்க சாமி!" என்றார் குருசாமி. எல்லாரும் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். அது முத்திரை இல்லை. ஏசிக்கு கேஸ் ஏற்றுகிறார். குழாயின் நட்டை இறுக்கி மீட்டரில் முள்ளைப் பார்க்கிறார். அதை நான் ஆயிரம் தடவை பார்த்திருக்கிறேன். அந்த மனுஷன் எங்கள் வாசலில் இல்லவே இல்லை. ஏதோ ஒரு ரிசார்ட் அறையில் ஸ்டூல் மேல் நின்றுகொண்டிருக்கிறார். அங்கே மெஷின் ஓட மாட்டேன் என்கிறது. அவரால் இறங்கவும் முடியவில்லை.

அக்கா என் பின்னால் வந்து நின்று பார்த்தாள். பிறகு, "எந்தம்பி இப்டிதாண்டி இருந்தான்" என்றாள். "குடிய வுடணும்னு சபையில உபவாசம் இருந்தான். கை கால் ஆடுச்சு, எறும்பு எறும்புன்னு கத்தினான். பேய் கீதுன்னு சொல்லி சுத்தி நின்னு ஜெபம் பண்ணாங்க. உங்களுக்கு சாமி, எங்களுக்குப் பேய்." அவள் தம்பி இப்போது எங்கே என்று நான் கேட்கவில்லை. அவன் போட்டோவுக்குக் கீழேதான் நான் அந்த இரண்டு நாளும் பாய் விரித்துப் படுத்திருந்தேன்.

தெருவைக் கடந்தால் எங்கள் வாசல். ஆனாலும் என் கால் படியிலேயே நின்றது. விலக்கோடு போய் மாலை போட்டவரைத் தொட்டு, அதற்கப்புறம் அவருக்கு ஏதாவது ஆனால் அந்தப் பழி என்னோடுதான் சுடுகாடு வரைக்கும் வரும். போகாமல் நின்று ஏதாவது ஆனால் யாரும் என்னைக் கேட்க மாட்டார்கள். சாமி அழைத்துக்கொண்டது என்பார்கள். போஸ்டர் ஒட்டுவார்கள். இந்தப் பக்கமும் அடைப்பு, அந்தப் பக்கமும் அடைப்பு. சீ, நாசமாய்ப் போக என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு இறங்கினேன்.

"தீட்டோட வராதே!" என்று மாமியார் அலறினாள். "எம்புள்ள மேல வந்த சாமிய அழிச்சுடாதடி பாவி!"

"அத்தே, அவருக்கு ஒடம்பு சரியில்ல. ஆஸ்பத்திரிக்குப் போலாம்."

"ஆஸ்பத்திரியா? சாமியவா? உனக்கு இன்னா பைத்தியமா?"

குருசாமி என்னிடம் அன்பாகத்தான் பேசினார். "சாமி மலையேற வரைக்கும் யாரும் தொடக் கூடாதும்மா. காலையில பாத்துக்கலாம்" என்றார். ஆண்கள் நான்கு பேர் வாசலை மறித்து நின்றார்கள். யாரும் கெட்டவர்கள் இல்லை. எல்லாரும் எனக்கு வேண்டியவர்கள். அதுதான் கொடுமை.

நான் கெஞ்சிப் பயனில்லை. அவர் எழுந்து வந்தால்தான் உண்டு. என் வீட்டுக்காரராக அவர் அங்கே இல்லை, சாமியாகவும் இல்லை, மெக்கானிக்காகத்தான் இருந்தார். அதனால் நான் மெக்கானிக்கையே கூப்பிட்டேன். ஆபீஸில் பேசுகிற அதே குரலில், கூட்டத்துக்கு மேலாகக் கத்தினேன்.

"அண்ணே! மூணாவது மாடி ஏசி ஓடலண்ணே! உள்ள கத்திகினு கீறாங்க, சீக்கிரம் வாங்க!"

கைகள் நின்றன. அவர் தலையைத் திருப்பினார். என்னைப் பார்த்தார் என்று சொல்ல மாட்டேன், என் குரல் வந்த பக்கம் பார்த்தார். "வந்துகினே கீறேன் மேடம்" என்றார். சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். "டூல்ஸ் பேக் எங்க?"

கூட்டம் அப்படியே விலகியது. சாமி நடந்தால் வழிவிடத்தானே வேண்டும்? அக்கா அதற்குள் ஆட்டோவைக் கொண்டுவந்து நிறுத்திவிட்டாள். நான் அவர் பையை எடுத்து மாலைக்கு மேலேயே தோளில் மாட்டிவிட்டேன். "இந்தப் பக்கம் வாங்கண்ணே, லிஃப்ட் இந்தப் பக்கம்" என்று சொல்லிக்கொண்டே பின்னாலேயே நடந்தேன். சரணம் சொல்லிக்கொண்டு ஜனங்கள் ஆட்டோ வரைக்கும் வந்தார்கள். எங்கே போகிறோம் என்று குருசாமிக்குப் புரிந்தபோது வண்டி நகர்ந்துவிட்டது.

செங்கல்பட்டு பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்வதற்குள் ஆட்டோவிலேயே வலிப்பு வந்துவிட்டது. அக்கா அவர் தலையை மடியில் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்துக்கொண்டாள். "நைனா, நைனா" என்று அவள் தம்பியைக் கூப்பிடுவதுபோலவே கூப்பிட்டுக்கொண்டு வந்தாள். நான் டிரைவரைத் திட்டிக்கொண்டே வந்தேன். பாவம், அவர் ஓட்டுகிற வேகத்துக்கு மேல் அந்த வண்டி போகாது.

ஆஸ்பத்திரியில் கையையும் காலையும் கட்டிலோடு துணியால் கட்டினார்கள். ஊசி போட்டார்கள். மாலையைக் கழற்றச் சொன்னார்கள். இருமுடி கட்டாமல், மலைக்குப் போகாமல் பாதியில் மாலையைக் கழற்றுவது எவ்வளவு பெரிய பாவம் என்று எனக்குத் தெரியும். விலக்கோடு இருந்த நான்தான் கழற்றினேன். கழற்றி டூல்ஸ் பைக்குள் போட்டேன்.

டாக்டரம்மா சின்ன வயசு. என் வீட்டுக்காரர் என்ன வேலை செய்கிறார் என்று கேட்டாள். சொன்னேன். "அப்ப உங்களுக்கு ஈஸியா புரியும்" என்றாள். "ஒரு ரூம்ல ராவும் பகலும் ஏசி போட்டே வெச்சிருந்தா உள்ள இருக்கிறவன் என்ன பண்ணுவான்? குளிருக்கு ஹீட்டர் போட்டுக்குவான். ஏசியை ஏத்த ஏத்த ஹீட்டரையும் ஏத்திக்குவான். அவர் மூளை அதைத்தான் பண்ணிட்டிருந்தது. சாராயம் அடக்கிக்கிட்டே இருக்கு, மூளை அதுக்கு ஈடா எகிறிக்கிட்டே இருக்கு. நீங்க ஒருநாள் ஏசியை மட்டும் பட்டுனு நிறுத்திட்டீங்க. ஹீட்டர் ஓடிக்கிட்டே இருக்கு, கேட்க ஆள் இல்லை. அதுதான் இந்த நடுக்கம், வலிப்பு, இல்லாததெல்லாம் கண்ணுக்குத் தெரியறது. இதுல செத்தே போவாங்கம்மா."

"நல்லதுன்னுதான் நிறுத்தினோம்" என்றேன்.

"இதுக்கு முன்னாடி இப்படி நிறுத்தியிருக்காரா?"

வருடா வருடம் என்றேன். அவள் பேனாவைக் கீழே வைத்தாள். "ஒவ்வொரு தடவை இப்படி மொட்டையா நிறுத்தும்போதும் மூளை அதைக் கத்துக்குது. அடுத்த தடவை இன்னும் சீக்கிரம், இன்னும் மோசமா கிளம்பும். திரும்பத் திரும்ப ஆரம்பிச்சு நிறுத்தினதுதான் இங்க கொண்டுவந்து விட்டிருக்கு" என்றாள். நான் ஆசை ஆசையாகக் காத்திருந்த அத்தனை கார்த்திகையும் என் கண்முன் வந்து நின்றது.

கல்லீரல் வீங்கியிருந்தது. கால் நரம்பு பாதி போயிருந்தது. சத்து ஊசி போட்டுத்தான் நினைவையே திருப்பிக் கொண்டுவந்தார்கள். வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டரம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டாள். "இனிமே குடிக்கவே கூடாது. மீறிக் குடிக்க ஆரம்பிச்சுட்டா, தானா நிறுத்தவும் கூடாது. நிறுத்தணும்னா இங்க வந்து படுத்து, மருந்தோடதான் நிறுத்தணும். புரியுதா?" புரிந்தது. குடித்தாலும் சாவு, நிறுத்தினாலும் சாவு, நடுவில் ஒரே ஒரு கட்டில்.

அவருக்கு எதுவுமே ஞாபகம் இல்லை. ஊர்தான் அவருக்குச் சொன்னது. சாமி எப்படி வந்தது, எப்படிக் குறி சொன்னது, பெண்டாட்டி எப்படி வந்து கெடுத்தாள் என்று கதை கதையாகச் சொன்னார்கள். குறி கேட்ட அம்மாவின் பெண்ணுக்கு அந்தத் தையிலேயே வரன் அமைந்து தொலைத்தது. அப்புறம் கேட்கவா வேண்டும்? தெருவில் அவர் போனால் பெரியவர்கள் கூட எழுந்து நின்றார்கள். நான் போனால் பேச்சு நின்றது.

சில மாதம் சுத்தமாக இருந்தார், அதையும் சொல்ல வேண்டும். மாத்திரை போட்டுக்கொண்டார். பேஸ்ட் பிரஷ்ஷில் நின்றது. ஆனால் கடை இருக்கும் திருப்பம் வந்தால் நாக்கில் எச்சில் ஊறுகிறது என்று அழுவார். "நான் கேக்கலடி, அதுவா ஊறுது" என்பார். அது பொய்யில்லை என்று எனக்குத் தெரிந்தது. அந்தக் கோடையில் ஏதோ ஒரு ரிசார்ட் அறையில் மிச்சம் கிடந்ததைக் குடித்துவிட்டு வந்தார். ஆடிக்குள் சாயங்காலம் மத்தியானமாகி, மத்தியானம் காலையாகிவிட்டது. முன்னால் அந்த இடத்துக்கு வந்து சேர வருடக்கணக்கானது. இந்தத் தடவை உடம்புக்கு வழி தெரிந்திருந்தது.

ஆஸ்பத்திரிக்கு வா என்று காலில் விழுந்தேன். "கட்டிப் போடுவானுங்க. நான் இன்னா மிருகமா? கார்த்திகை வருது, மாலை போட்டுட்டா சரியாப் பூடும்" என்றார். மாமியார் கறுப்பு வேட்டியைத் துவைத்து இஸ்திரி போட்டு வைத்தாள். குருசாமி வீட்டுக்கே வந்து, "இந்த வருசம் நீதான் சாமி முன்னால நடக்கணும்" என்று சொல்லிவிட்டுப் போனார். டாக்டரம்மா சொன்னதை நான் குருசாமியிடம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். "டாக்டருக்கு சாமியப் பத்தி இன்னாம்மா தெரியும்?" என்றார்.

ஐப்பசி கடைசி நாள் வேலை முடிந்து வரும்போது வண்டியை விட்டு வழியிலேயே இறங்கினேன். கடை வரிசையில் ஆண்களோடு நின்று ஒரு குவார்ட்டர் வாங்கினேன். எல்லாரும் பார்த்தார்கள். "இன்னாக்கா, அண்ணாத்தைக்கா?" என்று ஒருவன் பல்லைக் காட்டினான். "உங்கொப்பனுக்கு" என்றேன். சாப்பாட்டுக் கூடையில் டிபன் பாக்ஸுக்கு அடியில் வைத்து வீட்டுக்குக் கொண்டுவந்தேன்.

மாலை போட வேண்டும் என்று அவர் அன்று சாயங்காலத்தோடே குடியை நிறுத்தியிருந்தார். மறுநாள் விடியும்போதே உடம்பு ஆட ஆரம்பித்துவிட்டது. குளித்துவிட்டு ஈரத்தோடு வந்து உட்கார்ந்தார். கண் ஒருதரம் சுவரில் ஏறி இறங்கியது. நான் டம்ளரில் ஊற்றித் தண்ணீர் கலந்து அவர் முன்னால் வைத்தேன்.

"இன்னாடி பண்ற? இன்னிக்கா?" என்றார். அதைச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே கை டம்ளருக்குப் போய்விட்டது. அவர் அதைப் பார்த்தார். நிறுத்த முடியவில்லை. குடித்தார். வாயைத் துடைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் தலை குனிந்து இருந்தார். நடுக்கம் அடங்கியதும் எழுந்து, "யாருக்கும் தெரிய வேணாம்" என்று சொல்லிவிட்டுக் கறுப்பு வேட்டியைக் கட்டிக்கொண்டு கோயிலுக்குக் கிளம்பினார். வாயில் ஏலக்காய். பின்னாலேயே நானும் போனேன்.

தெருவே பிள்ளையார் கோயில் முன்னால் கூடியிருந்தது. வரிசையில் முதல் ஆள் இவர்தான். குருசாமி மாலையைத் தூக்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு இவர் தலைக்கு மேல் கொண்டுவந்தார். இவர் கண்ணை மூடிக் கழுத்தை நீட்டினார். அந்த முகத்தைப் பார்த்தபோது எனக்கே ஒரு நிமிஷம் வாய் வரவில்லை. அப்படி ஒரு அமைதி.

"போடாதீங்க" என்றேன். "காலையில குடிச்சுட்டுத்தான் வந்து கீறாரு. நான்தான் ஊத்திக் குடுத்தேன்."

குருசாமியின் கை மெதுவாக இறங்கியது. பிறகு மாமியார் மண்ணை வாரி என் மேல் இறைத்தாள். "கட்டுன புருசனுக்கு ஊத்திக் குடுத்தாளாமே, மாலை போடற அன்னிக்கு!" என்று பெண்கள் வாயில் அடித்துக்கொண்டார்கள். அதில் பாதிப் பேர் வீட்டிலும் காலையில் கை நடுங்குகிற ஆள் உண்டு. கண்ணைத் திறந்து என்னையே பார்த்துக்கொண்டு நின்றவரின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு நடந்தேன். அவர் மறுக்கவில்லை. அந்தத் தெருவில் அவர் போய் நிற்க இனி ஒரு இடமும் நான் மிச்சம் வைக்கவில்லை.

செங்கல்பட்டில் கட்டில் கொடுத்தார்கள். கடைசியாக எப்போது குடித்தார் என்று நர்ஸ் கேட்டாள். "இன்னிக்குக் காலையில. நான்தான் குடுத்தேன்" என்றேன். அவள் என்னை ஒருதரம் ஏற இறங்கப் பார்த்துவிட்டு ஊசி எடுக்கப் போனாள்.

அவர் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தார். இந்தத் தடவை கட்டவில்லை. சுவரைப் பார்த்தபடியே பேசினார்.

"வருசம் பூரா என்ன குடிகாரன்னு காறித் துப்புறானுங்க. அந்த ஒரு மாசம்தாண்டி சாமின்னு கூப்புடுவானுங்க. அதையும் புடுங்கிட்ட."

எனக்கு ஆத்திரமும் அழுகையும் சேர்ந்து பொத்துக்கொண்டு வந்தது. இத்தனை வருடம் அவரை இழுத்துக்கொண்டு போனது பாட்டில் ஒன்று மட்டும்தான் என்று நினைத்திருந்தேன்.

"திட்டுய்யா" என்றேன். "உசுரோட இருந்துகினு எவ்ளோ வேணா திட்டு."

திட்டினார். என்னை, என் அம்மாவை, என் வேலையை, நான் பிறந்த நேரத்தை. ஊசி ஏறிக் கண் செருகும் வரைக்கும் திட்டிக்கொண்டே இருந்தார். நான் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, ஒரு வார்த்தை விடாமல் கேட்டுக்கொண்டிருந்தேன்.